பால்வாடி டீச்சர் மீது போட்ட பழி

மல்லாங்கிணறு பக்கத்தில் ஒரு பால்வாடி. சத்துமாவு கொடுக்கும் நாள். பத்து மணிக்கே கரிசல் வெயில் வாசலில் நிற்க விடவில்லை. உள்ளே தாய்மார்கள் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மாவு பாக்கெட்டுகள் மூலையில் அட்டைப் பெட்டிக்குள் தயாராக இருக்கின்றன. எடுத்துக் கொடுக்கத்தான் முடியவில்லை. டீச்சர் கையில் உள்ள செல்போன் முதலில் சம்மதிக்க வேண்டும்.

டீச்சருக்கு ஐம்பத்தாறு வயது. எதிரே நிற்பவளுக்கு இருபத்திரண்டு இருக்கும். போனில் ஒரு வட்டம் தெரிகிறது. அந்த வட்டத்துக்குள் அவள் முகம் விழ வேண்டும். "கண்ண மூடித் தொற தாயி" என்கிறார் டீச்சர். அவள் மூடித் திறக்கிறாள். விழவில்லை. வெளிச்சம் போதாது என்று வாசலுக்குக் கூட்டி வருகிறார். வாசலில் சிக்னல் இல்லை என்று வேப்பமரத்தடிக்குப் போகிறார்கள். மூன்றாம் முறையும் முகம் பொருந்தவில்லை என்றே வருகிறது. பதிவில் இருப்பது நிறைமாதத்தில் எடுத்த படம். பிள்ளை பெற்று, பால் கொடுத்து, கன்னம் ஒட்டிப்போன இந்த முகம் வேறொருத்தியுடையது என்கிறது செயலி. உடம்பு வற்றியவளுக்காகத்தான் அந்த மாவு. வற்றிய காரணத்தாலேயே அவளை அதற்கு அடையாளம் தெரியவில்லை.

மறுபடி பதிய வேண்டுமென்றால் ஆதார் எண்ணைப் போட வேண்டும், ஓடிபி வர வேண்டும். ஆதாரோடு சேர்ந்திருப்பது புருஷனின் எண்.

"உம் புருசனுக்குப் போன் போடு தாயி, நம்பர் வந்திருக்கும்."

"அவுக திருப்பூர்ல ஷிப்டுல இருப்பாக டீச்சர். போன உள்ள கொண்டுபோக விட மாட்டாக."

டீச்சர் போனைக் கீழே வைத்துவிட்டு நோட்டில் பெயரை எழுதி, கையெழுத்து வாங்கி, பாக்கெட்டைக் கொடுத்து அனுப்புகிறார். பிள்ளையைச் சுமந்து இரண்டு மைல் நடந்து வந்தவளை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. மாதக் கடைசியில் செயலிக் கணக்கில் அந்தப் பாக்கெட் கொடுக்கப்படாததாக நிற்கும். கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொல்வார்கள். ஏன் முடிக்கவில்லை என்று கேட்பார்கள். பதிலைக் கேட்க யாரும் காத்திருப்பதில்லை. முடிவு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது: வயசாகிவிட்டது, படிப்புப் போதாது, பழைய பழக்கத்தை விட மாட்டார்கள், இவர்களை வைத்துக்கொண்டு எந்த மாற்றத்தையும் கொண்டுவர முடியாது.

இந்தப் பேச்சு பொய் என்று இந்தத் தலையங்கம் சொல்கிறது. பொய் மட்டுமாக இருந்தால் திருத்திவிட்டுப் போகலாம். இது அநீதி. ஒரு வேலையைக் கோணலாக வடிவமைத்தவர்கள், அதன் பாரத்தைச் சுமந்தவர்களின் பிறந்த வருடத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்ளும் அநீதி.

யார் இந்தப் பெண்கள்? தமிழ்நாட்டில் 54,439 அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. பணியாளரும் உதவியாளரும் பெண்கள். அநேகமாக அந்தந்த ஊர்க்காரர்கள். கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், வேறு ஆதரவில்லாதவர்கள் என்று பார்த்து முன்னுரிமை கொடுத்து எடுத்த வேலை இது. அதனால் இந்த வேலையில் இருப்பவர்களின் வயது, படிப்பு, குடும்ப நிலை எதுவும் தற்செயலாக அமைந்ததில்லை. அரசே தேர்ந்தெடுத்த கூட்டம் இது. பிள்ளைகளுக்கு அடுத்த தெருக்காரி வேண்டும், குறைந்த காசுக்கு வர வேண்டும், ஊரை விட்டுப் போக முடியாதவளாக இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டு, முப்பது வருடம் கழித்து, நீ ஏன் கணினி படித்த இளைஞியாக இல்லை என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

இவர்கள் வாங்குவதற்குச் சம்பளம் என்ற பெயர்கூட டில்லியின் கணக்கில் கிடையாது. மதிப்பூதியம் என்கிறார்கள். 2018 அக்டோபரில் மத்திய அரசு தன் பங்கை முதன்மை மையப் பணியாளருக்கு மாதம் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆகவும், உதவியாளருக்கு 1,500இலிருந்து 2,250 ஆகவும் உயர்த்தியது. அதற்கு மேல் மாநிலம் தன் பங்கைச் சேர்க்கிறது. இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று சொல்வதற்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. தீர்ப்பு வந்தது 2022 ஏப்ரலில். அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது 1975 அக்டோபர் 2இல்.

இனி அந்தக் குற்றச்சாட்டுக்கே வருவோம். இவர்கள் மாற்றத்தை ஏற்காதவர்களா?

1980இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. முதலில் இறங்கிய இடம் மதுரைப் பக்கம் கொட்டாம்பட்டி ஒன்றியம். அதுவரை கிராமத்தில் பிள்ளையின் எடையை மாதாமாதம் பார்ப்பது என்ற வழக்கமே கிடையாது. பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டு எடை போட்டால் கண் பட்டுவிடும் என்று பயந்த தாய்மார்கள் இருந்த காலம். எட்டாவது படித்த உள்ளூர்ப் பெண்களைப் பிடித்து, எடை போடவும், எடையை வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்கவும், புள்ளிகளைக் கோடாக இழுத்து இந்தப் பிள்ளை ஏறுகிறதா, நிற்கிறதா, இறங்குகிறதா என்று படிக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் குறிப்பிட்ட நாட்களுக்குச் சத்துருண்டை. எடை ஏறிவிட்டால் நிறுத்திவிட வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்து என் பிள்ளைக்கு ஏன் இல்லை என்று கேட்கும் தாயிடம் விளக்கம் சொல்ல வேண்டியவளும் அதே உள்ளூர்ப் பெண்தான். மருத்துவக் கல்லூரியில் கற்பிக்கும் ஒரு கருத்தை எட்டாவது படித்தவள் தெருத்தெருவாக நின்று நடத்திக் காட்டினாள். அந்தத் திட்டத்தை இன்றும் உலகம் முழுக்க ஊட்டச்சத்துத் துறையில் பாடமாகப் பேசுகிறார்கள்.

அது எப்படி நடந்தது? வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்தார்கள். பத்துப் பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர் என்று வைத்தார்கள். அந்த மேற்பார்வையாளர் மையத்துக்கு வந்து கூடவே உட்கார்ந்து எடை போட்டுக் காட்டினார். ஊரில் மகளிர் மன்றம் அமைத்துத் துணைக்கு நிறுத்தினார்கள். பதிவேட்டின் எண்ணிக்கையும் குறைவாகவே இருந்தது. மாற்றம் என்றால் இதுதான் மாற்றம். அதை யாரும் எதிர்க்கவில்லை.

அதற்குப் பிறகு வந்ததையும் சொல்ல வேண்டும். 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்து பால்வாடியின் வேலையையே மாற்றியது. 1995 முதல் போலியோ சொட்டு மருந்து நாட்கள். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துச் சுண்டுவிரலில் மை வைத்தவர்களில் இவர்கள் உண்டு. 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழ் வாங்கியதில் இவர்கள் நடந்த நடைக்குப் பங்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2006இல் புதிய வளர்ச்சி அளவுகளை வெளியிட, சில வருடங்களில் இங்கே பழைய அட்டை போய், ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு என்று இரண்டு அட்டைகள் வந்தன. கோடும் மாறியது, கணக்கும் மாறியது, குறைபாட்டைக் குறிக்கும் சொற்களும் மாறின. இருபது வருடம் பழகிய அட்டையை மடித்து வைத்துவிட்டுப் புது அட்டையை எடுத்துக்கொண்டார்கள். பிறகு வந்தது கொரோனா. மையத்தைப் பூட்டிவிட்டு வீட்டு வாசலில் மாவும் முட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

இன்று ஐம்பத்தாறு வயதில் செல்போனை வேப்பமரத்தை நோக்கித் தூக்கிப் பிடித்து நிற்கும் டீச்சர் இவற்றில் பாதியையாவது கடந்து வந்தவர். மாறத் தெரியாதவர் என்று அவரைச் சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் அறியாமையிலிருந்து வருகிறது.

வயதுக்கும் எதிர்ப்புக்கும் என்ன தொடர்பு என்பதை ஆராய்ச்சி உலகமும் நெடுநாளாகத் துருவிப் பார்த்திருக்கிறது. இந்த ஆராய்ச்சியின் மூலக்கதை ஒரு தையல் ஆலையில் இருக்கிறது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் மேரியன் என்ற சிற்றூரில் ஹார்வுட் நிறுவனத்தின் பைஜாமா ஆலை. கோச், பிரெஞ்ச் என்ற இருவர் அங்கே செய்த ஆய்வு 1948இல் வெளிவந்தது. மலைக்கிராமங்களிலிருந்து வந்த பெண்களே பெரும்பாலும் வேலை பார்த்தார்கள். சராசரி வயது 23. சராசரிப் படிப்பு எட்டாவது. வேலை முறையை மாற்றும்போதெல்லாம் உற்பத்தி விழுந்தது, முறைப்பு வளர்ந்தது, ஆட்கள் நின்றுபோனார்கள். வயது 23 என்பதைக் கவனியுங்கள். அங்கே முரண்டு பிடித்தவர்கள் கிழவிகள் இல்லை.

ஆய்வாளர்கள் தொழிலாளர்களைச் சில குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் நாளையிலிருந்து இப்படித்தான் என்று சொல்லிவிட்டார்கள். மற்றக் குழுக்களோடு உட்கார்ந்து பேசினார்கள். ஏன் மாற்ற வேண்டியிருக்கிறது, எந்த அசைவைக் குறைக்கலாம், புதுக் கூலிக் கணக்கு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டு, அவர்கள் சொன்னதையும் சேர்த்து முறையை அமைத்தார்கள். உத்தரவு மட்டும் பெற்ற குழுவில் முதல் 40 நாட்களில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். கலந்து பேசிய குழுக்களில் ஒருவரும் போகவில்லை. அவர்களில் முழுதாகக் கலந்துகொண்டவர்கள் பழைய அளவைத் தாண்டி ஏறத்தாழ 14 சதவீதம் கூடுதலாகவே வேலை செய்து காட்டினார்கள். இதற்கு மேல்தான் முக்கியமான பகுதி. முதலில் உத்தரவு மட்டும் பெற்று முறைத்த குழுவில் மிஞ்சியிருந்தவர்களைச் சில மாதம் கழித்து இன்னொரு வேலைக்கு மாற்றினார்கள். இந்த முறை கூட உட்கார்ந்து பேசி மாற்றினார்கள். அதே பெண்கள், அதே வயது, அதே எட்டாவது. எதிர்ப்பு இல்லை. வேலை விறுவிறுவென்று ஏறியது.

அந்த ஆலையில் மாறியது ஆட்களின் வயதோ படிப்போ இல்லை. அவர்களை நடத்திய விதம் மாறியது, அவ்வளவுதான்.

2012இல் தாமஸ் இங், டேனியல் ஃபெல்ட்மன் என்ற இருவர், வயதான தொழிலாளர்களைப் பற்றி உலவும் ஆறு எண்ணங்களை எடுத்துக்கொண்டு, 418 ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்து அலசினார்கள். மாற்றத்தை எதிர்ப்பார்கள் என்பது அந்த ஆறில் ஒன்று. அதற்குத் தரவில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆறில் ஒன்றுதான் ஓரளவு தேறியது: பயிற்சியில் சேர்வதற்கு வயதானவர்களுக்கு ஆர்வம் சற்றுக் குறைவு. அதையும் இந்த மண்ணில் நின்று பார்க்க வேண்டும். மையத்தைப் பூட்டிவிட்டு, பஸ் மாறி, ஒன்றியத்துக்குப் போய், எண்பது பேர் உட்கார்ந்த அறையில் திரையில் ஓடும் எறும்பெழுத்தைப் பார்த்துவிட்டு, போனையே தொடாமல் சாயங்காலம் திரும்பி வருவதற்குப் பயிற்சி என்று பெயர் வைத்தால், யாருக்கு ஆர்வம் வரும்? இருபது வயதுக்காரி வீட்டில் தம்பியிடம் கேட்டுக் கற்றுக்கொள்வாள். ஐம்பத்தாறு வயதுக்காரியின் மகன் திருப்பூரில் இருக்கிறான். வயதால் வரும் வித்தியாசம் இங்கே இருக்கிறது, நாம் மறுக்கவில்லை. வெள்ளெழுத்து இருக்கிறது, விரல் காய்ந்து தொடுதிரையில் படாமல் போவது இருக்கிறது. இவை கண்ணாடி வாங்கிக் கொடுத்தும், எழுத்தைப் பெரிதாக்கியும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தும் தீர்க்க வேண்டியவை. குணக்கேடாக எண்ணித் திட்ட வேண்டியவை இல்லை.

டீச்சரின் போனில் ஓடும் போஷன் டிராக்கர் செயலி 2021 மார்ச்சில் வந்தது. அந்த வருடம் ஆகஸ்டில் மகாராஷ்டிரத்து அங்கன்வாடிப் பெண்கள் அரசு கொடுத்த செல்போன்களை மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார்கள். தொழில்நுட்பத்துக்கு எதிரானவர்கள் என்று அன்று எழுதியவர்கள் உண்டு. அவர்கள் சொன்ன காரணத்தைப் படித்துப் பாருங்கள். போனின் நினைவகம் வெறும் 2 ஜிபி, செயலி அதில் ஓடவில்லை. பழுதானால் செலவு எங்கள் தலையில். செயலி ஆங்கிலத்தில் இருக்கிறது, எங்களுக்கு மராத்தியில் வேண்டும். இந்த மூன்றில் எது செல்போன் வேண்டாம் என்கிறது? நல்ல செல்போன் கொடு என்றுதான் கேட்கிறது. அதை எதிர்ப்பு என்று பதிவு செய்துகொண்டவர்கள், காதில் விழுந்த குறையைக் குணமாக மாற்றி எழுதிக்கொண்டார்கள்.

முகம் பார்த்துச் சத்துமாவு கொடுக்கும் முறை 2025 ஜூலை 1 முதல் கட்டாயமானது. அதன் நோக்கத்தை நாம் பழிக்கவில்லை. இல்லாத பிள்ளையின் பெயரில் மாவும் முட்டையும் எழுதப்படுவது இந்த நாட்டில் நடக்காத காரியமில்லை. பிள்ளையின் வாய்க்குப் போக வேண்டியதைத் திருடுகிறவரை எந்தச் செயலி பிடித்தாலும் அந்தச் செயலிக்கு நம் ஆதரவு உண்டு. கணக்கு வெளியே வந்துவிடுமே என்று பயந்து புது முறையை வேண்டாம் என்பவர்களும் அங்கங்கே இருப்பார்கள். அவர்களைத் தேடிப் பிடித்துத் தண்டிக்கட்டும். ஆனால் பத்துப் பேரில் ஒருவர் திருடலாம் என்பதற்காகப் பத்துப் பேரையும் திருடர்களாக நிறுத்தி வைக்கும் முறையில், ஒன்பது பேருக்கு வரும் மனக்கசப்பையும் எதிர்ப்பு என்றே கணக்கெழுதக் கூடாது. அந்தக் கசப்புக்குக் காரணம் மானம்.

இதில் நம் மாவட்டத்துக்கென்று தனியாக ஒரு பாரம் இருக்கிறது. 2018இல் மத்திய அரசு தேர்ந்தெடுத்த முன்னேற விழையும் மாவட்டங்களில் தமிழ்நாட்டுக்கு இரண்டு கிடைத்தன. ஒன்று ராமநாதபுரம், மற்றது விருதுநகர். மாதந்தோறும் தரவரிசை போடுகிறார்கள். அந்த வரிசையில் சுகாதாரமும் ஊட்டச்சத்தும் சேர்ந்து 30 சதவீதம். அந்த எண்கள் மேலே ஏற வேண்டும். ஏற்ற வேண்டியவர்கள் எத்தனையோ பேர் இருந்தாலும், கடைசி விரல் பால்வாடி டீச்சருடையது. டில்லியில் ஒரு திரையில் ஒரு எண் அசைவதற்காக மல்லாங்கிணறு மரத்தடியில் ஒரு பெண் சிக்னல் தேடுகிறாள். அந்த எண் உயர்ந்தால் பாராட்டு மேலே போகிறது. எண் விழுந்தால் மெமோ கீழே வருகிறது. மாற்றத்தின் பலன் ஓரிடத்திலும் பாரம் இன்னோரிடத்திலும் போய்ச் சேரும்போது, பாரம் சுமப்பவர் முனகாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் மனிதரைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ளவில்லை.

இந்தப் பழி பால்வாடியோடு நிற்கவில்லை. பி.எஸ்.என்.எல். நிறுவனத்தை 2019இல் சீரமைத்தபோது விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டுவந்தார்கள். தகுதி ஒன்றே ஒன்றுதான்: ஐம்பது வயது. 78,569 பேர் எழுதிக் கொடுத்துவிட்டு 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் வெளியேறினார்கள். நிறுவனம் நஷ்டத்தில் இருந்தது உண்மை, சம்பளச் செலவைக் குறைக்க வேண்டியிருந்தது உண்மை. பணம் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போனவர்களும் உண்டு. ஆனால் அந்த நாட்களில் எழுந்த பேச்சை நாம் மறக்கவில்லை: கிழடுகள் போனால்தான் புதுசு வரும் என்றார்கள். கையால் சுற்றும் தொலைபேசிக் காலத்து இணைப்பகத்தை அவிழ்த்துப் போட்டுவிட்டு மின்னணு இணைப்பகத்தை நிறுவியது அந்தக் கிழடுகள்தான். கரிசல் காட்டில் கம்பம் நட்டு, கேபிள் இழுத்து, பிறகு அதே வீட்டுக்கு பிராட்பேண்ட் கொண்டுவந்தவர்களும் அவர்கள்தான். அந்தக் காலத்தில் 4ஜி அலைக்கற்றை அந்த நிறுவனத்துக்குக் கொடுக்கப்படாமல் கிடந்தது. கருவி கொடுக்காமல் ஆளைக் குறை சொன்ன கதை அது.

வங்கிகளைப் பார்ப்போம். கணினி வந்தபோது வங்கி ஊழியர் சங்கங்கள் எதிர்த்தன, கடுமையாகவே எதிர்த்தன. வேலை போய்விடும் என்ற பயம் அது, அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 1983இல் ஒப்பந்தம் போட்டார்கள். எங்கே, எவ்வளவு, எந்த நிபந்தனையில் இயந்திரம் வரலாம் என்று பேசி எழுதினார்கள். 1993இல் மறுபடி உட்கார்ந்து எல்லையை விரித்தார்கள். பேனாவால் லெட்ஜர் எழுதிய அதே குமாஸ்தாக்கள் பிறகு கணினி முன் உட்கார்ந்து ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தார்கள். பேச்சுவார்த்தைக்குப் பத்து வருடம் ஆயிற்று என்று இன்று அலுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பத்து வருடத்தில்தான் இரண்டு தரப்பும் இயந்திரத்தைத் தமதாக்கிக்கொண்டன.

வயதையும் பாலினத்தையும் வைத்து ஆள் எடுக்கும் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நூற்பாலைகளில் பார்த்துவிட்டோம். சங்கம், உரிமை என்று பேசும் நிரந்தர ஆண் தொழிலாளி வேண்டாம், எதிர்த்துப் பேசாத இளம்பெண்கள் போதும் என்று முடிவு செய்த தமிழக ஆலைகளில்தான் சுமங்கலித் திட்டம் வேரூன்றியது. மூன்று வருடம் விடுதியில் அடைத்து வைத்து, கடைசியில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை என்றார்கள். இந்த வறண்ட பூமியிலிருந்து எத்தனை வேன்கள் எத்தனை பெண்களை ஏற்றிக்கொண்டு போயின என்பது அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வீடுகளுக்குத் தெரியும். இளம்பெண் அடங்கிப் போவாள் என்ற எண்ணமும், வயதானவள் முரண்டு பிடிப்பாள் என்ற எண்ணமும் ஒரே நாணயத்தில் அடித்தவை. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் விடுதிச் சாப்பாட்டால் சக தொழிலாளிகள் நோயில் விழுந்தபோது, பாக்ஸ்கான் ஆலையின் இளம்பெண்கள்தான் இரவோடு இரவாகச் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அடங்கிப் போவார்கள் என்று எடுத்த அதே வயதுப் பெண்கள்.

ஆகவே நம் தீர்ப்பு இது. புது முறை ஒன்று களத்தில் சறுக்கும்போது, ஊழியரின் வயதையும் படிப்பையும் சாதியையும் பாலினத்தையும் எடுத்துக் காரணமாக எழுதும் அதிகாரி தன் கடமையிலிருந்து தவறுகிறார். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. மேலிருந்து வரும் நெருக்கடியில் கைக்கு எட்டிய காரணத்தைப் பிடித்துக்கொண்டவராக இருக்கலாம். இருந்தாலும் தவறு தவறுதான். ஏனென்றால் அந்தக் காரணத்தை எழுதிய நிமிடமே விசாரணை முடிந்துவிடுகிறது. வயதைக் குறைக்க யாராலும் முடியாது, எனவே செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடுகிறது. போனை மாற்றலாம், மொழியை மாற்றலாம், மெமோவை நிறுத்தலாம் என்ற வழிகள் எல்லாம் கண்ணில் படாமல் போகின்றன.

மேலே இருப்பவர்களுக்கு இன்னும் பெரிய பங்கு உண்டு. ஐம்பது வருடமாக நடக்கும் ஒரு திட்டத்தில், அதைத் தூக்கி நிறுத்திய பெண்களை ஊழியர் என்று கூப்பிட மறுக்கும் அரசுக்கு, அவர்களிடம் ஊழியருக்குரிய ஒழுங்கைக் கேட்கும் உரிமை பாதிதான் உண்டு. சம்பளத்தில் தொண்டர், மெமோவில் அரசு ஊழியர் என்று ஒரே ஆளை இரண்டாகப் பிளந்து வைத்திருப்பது ஏமாற்று வேலை. அதைச் செய்துகொண்டே மாற்றத்தை ஏன் மனமுவந்து ஏற்கவில்லை என்று கேட்பதை நாம் கண்டிக்கிறோம்.

செய்ய வேண்டியவை சிக்கலானவை இல்லை. முகம் பொருந்தாத தாய்க்கு அன்றே மாவு கொடுக்கலாம் என்று எழுத்தில் உத்தரவு வேண்டும். நோட்டில் வாங்கிய கையெழுத்து செல்லும் என்று அதில் இருக்க வேண்டும். முகம் விழாத எண்ணிக்கையை டீச்சரின் குறையாக எழுதாமல் செயலியின் குறையாக எழுதி மேலே அனுப்ப வேண்டும். அப்போதுதான் செயலி செய்தவர் காதுக்கு அது போகும். ஓடும் போன் ஒன்றும் அதற்கான ரீசார்ஜும் வேலை கொடுத்தவர் செலவு. செயலியில் ஏற்றிய பிறகு அதையே நோட்டிலும் எழுதச் சொல்வதை நிறுத்த வேண்டும். பயிற்சியை ஒன்றியக் கூடத்திலிருந்து எடுத்து மையத்துக்குக் கொண்டுவர வேண்டும். கொட்டாம்பட்டியில் செய்ததுபோல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கும் ஆள் வேண்டும்.

அடுத்த செயலி வரும், வரத்தான் செய்யும். அது வருவதற்கு முன், மல்லாங்கிணறு, காரியாபட்டி, நரிக்குடி, திருச்சுழிப் பக்கத்து டீச்சர்களில் இருபது பேரை, அதிலும் ஐம்பது தாண்டியவர்களை, மாவட்ட அலுவலகத்துக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைக்கட்டும். பயணப்படி கொடுக்கட்டும். செயலியைச் செய்தவர் எதிரே உட்காரட்டும். பிள்ளை பெற்ற பெண்ணின் முகம் ஆறு மாதத்தில் எப்படி மாறும் என்று அவர்கள் சொல்வார்கள். ஆதாரில் யார் நம்பர் இருக்கும், அந்த ஆள் எந்த நேரத்தில் போனை எடுப்பான், நாற்று நடவு சமயத்தில் எத்தனை மணிக்குத் தாய்மார்கள் வருவார்கள், மழைக்காலத்தில் எந்தத் திண்ணையில் சிக்னல் கிடைக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதையெல்லாம் எழுதிக்கொண்ட பிறகு, செயலியை எழுத உட்காரட்டும்.